‘ஸ்டார்ட் ஆகல’ என்று சொன்னேன்

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம். பாலிசி எண், கிளைம் எண், வணக்கம், வருத்தம் எல்லாம் போக, விஷயம் என்று அதில் இருந்தது ஒரே வாக்கியம்தான். “வாகனம் நீரில் நின்றுபோன பிறகு காப்பீடுதாரர் இஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் உள்பாகங்கள் சேதமடைந்துள்ளன, இது தொடர்விளைவு இழப்பு என்பதால் பாலிசியில் அடங்காது.”

நான் முயலவில்லை. அன்று இரவு சாவியை ஒரே ஒரு முறைதான் திருப்பினேன். அதுவும் அணைப்பதற்காக.

இதில் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. அப்பா முப்பது வருஷத்துக்கும் மேல் லாரி ஓட்டியவர். எனக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுக்கும் முன்பே சொன்ன பாடம் ஒன்று உண்டு. “தண்ணிக்குள்ள வண்டி நின்னுச்சுன்னா நின்னதாவே இருக்கட்டும்மா. சாவியில கை வைக்காத. தள்ளு, இல்ல கட்டி இழு, இல்ல விட்டுட்டு இறங்கி நட.” எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு, எனக்கு அது யோசிக்காமலே வரும். எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொல்லி வளர்த்தாரோ அதையே நான் செய்ததாக, ஒரு நிறுவனத்தின் கடிதத் தாளில், கையெழுத்தோடு எழுதி வந்திருந்தது. அதை அவரிடம் படித்துக் காட்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணி இருக்கும். நல்ல மழை. சுரங்கப்பாதையில் பாதி சக்கரம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எனக்கு முன்னால் இரண்டு கார்கள் போய் அந்தப் பக்கம் ஏறிவிட்டன. நானும் முதல் கியரில், ஒரே சீராக ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடி இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பாதி தூரம் போனபோது எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அது தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் என் பானெட்டின் மேலேயே ஏறி அடித்தது. வண்டி சில விநாடி குலுங்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு சரி. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சாவியை அணைத்து, எடுத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தத் தம்பி வந்ததும் முதலில் கேட்டது, “அக்கா, சாவி போட்டுப் பார்த்தீங்களா?” என்றுதான். இல்லை என்றேன். “நல்ல வேளை. இனி இது ஸ்டார்ட் ஆகாதுக்கா, ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்” என்றார்.

அந்த ‘ஸ்டார்ட் ஆகாது’ என் வாயில் ஒட்டிக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

கடிதம் ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கும் முழுசாகத் தெரியாது. ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒரு மேசைக்கரண்டியை வைத்து விளக்கினார். என் கார் 1600 சிசி பெட்ரோல், நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று. அதாவது பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் சுமார் 44 மில்லிதான். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர். அவ்வளவு போதும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை என்றால் அமுங்கிக் கொடுக்கும். தண்ணீர் அமுங்காது. ஏறுகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். கீழே சுற்றுகிற கிராங்க் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளையும். டீசல் இஞ்சினில் அமுக்க விகிதம் 16, 17 என்று இருப்பதால் மிஞ்சுகிற இடம் இன்னும் குறைவு. அப்பாவின் பாடம் அங்கிருந்து வந்தது.

சரி, ராடு எப்போது வளைந்தது? இதுதான் சண்டையின் மையம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே போய் வளைந்தால் அது வெள்ளச் சேதம். என் பாலிசியில் உண்டு. தண்ணீர் போய் வண்டி சும்மா நின்று, அப்புறம் ஓட்டுநர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்ற வைத்து வளைத்தால், அது அவர் செய்த வேலை என்று நிறுவனம் சொல்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்த விலக்கு அர்த்தமில்லாதது இல்லை. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து, பிழைத்திருக்கக்கூடிய இஞ்சினைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் திருப்பியிருந்தால் அந்தக் கடிதத்தில் எனக்குப் பெரிய குறை இருந்திருக்காது. நான் திருப்பவில்லை என்பதுதான் குறை.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், சர்வேயர் ரிப்போர்ட்ல அப்படித்தான் இருக்கு” என்றார். சர்வேயர் என்றால் சேதத்தைப் பார்த்து மதிப்பிட நிறுவனம் அனுப்புகிறவர். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டேன். அது உள் ஆவணம் என்றார். எழுத்தில் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. மறுபடி எழுதினேன், என் கிளைமை மறுக்க எதை ஆதாரமாக வைத்தீர்களோ அதைப் பார்க்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது என்று ஒரே கேள்வி. ரிப்போர்ட் வந்தது.

ரிப்போர்ட்டைப் படித்தபோது ஒன்று புரிந்தது. சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார், வெளியே படம் எடுத்தார், ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து நனைந்த ஃபில்டரைப் படம் எடுத்தார், போய்விட்டார். அப்போது இஞ்சின் திறக்கப்படவில்லை. மெக்கானிக் அதில் கறாராக இருந்தார். “அவங்க பார்க்காம நான் ஒரு போல்ட்டு கழட்ட மாட்டேன்க்கா. அப்புறம் எல்லாத்தையும் நான்தான் மாத்திட்டேன்னு சொல்லிடுவாங்க.” சர்வேயர் சரி என்ற பிறகுதான் திறந்தார். திறந்த பிறகு சர்வேயர் திரும்பி வரவில்லை. வாட்ஸப்பில் நான்கு படம் வாங்கிக்கொண்டார். ஆக, ராடு எப்போது வளைந்தது என்று அவர் இஞ்சினைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஆதாரம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: ‘காப்பீடுதாரரின் முதல் தகவல் அழைப்புக் குறிப்பின்படி.’

அதாவது, நானே சொன்னேனாம்.

விபத்து நடந்த இரவு, மழையில் ஒதுங்கி நின்றுகொண்டு கிளைம் எண்ணுக்குப் போன் செய்தது நினைவிருக்கிறது. என்ன பேசினேன் என்று ஒரு சொல்கூட நினைவில்லை. அழைப்பின் தொடக்கத்தில் ‘இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒரு குரல் சொல்லுமே, அந்தப் பதிவைக் கேட்டு எழுதினேன். பல நாடுகளில் உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்க சட்டப்படி உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே அதுதான். குரல் பதிவும் அதில் அடங்கும். உங்கள் ஊர்ச் சட்டம் என்னவாக இருந்தாலும், கேட்டு எழுதுவதில் நட்டம் ஒன்றுமில்லை. தர மறுத்தால் அந்த மறுப்பும் உங்கள் கோப்பில் ஒரு தாள்.

பதிவு வந்தது. நாலரை நிமிஷம். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். மழைச் சத்தம், என் மூச்சு, நடுவில் நான்:

“தண்ணி அடிச்சதும் வண்டி நின்னுடுச்சு. அப்புறம் ஸ்டார்ட் ஆகல.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம்.

அவ்வளவுதான். அப்புறம் ஸ்டார்ட் ஆகல. நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். ‘கதவு திறக்கல’ என்றால் திறக்கப் பார்த்தேன் என்றும் பொருள், மூடிக் கிடக்கிறது என்றும் பொருள். இழுவை வண்டித் தம்பி ‘இனி ஸ்டார்ட் ஆகாது’ என்றதை நான் என் வாயால் ‘ஸ்டார்ட் ஆகல’ என்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர் அதை ‘ஸ்டார்ட் செய்ய முயன்றார், இயங்கவில்லை’ என்று குறித்துக்கொண்டார். அடுத்தவர் அதை வாசித்து ‘முயன்றதால் சேதம்’ என்று எழுதினார். ‘ஆகல’ என்பது ‘செய்தார்’ ஆகி, ‘செய்ததால்’ ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று படித்தபோது, ஒரு இஞ்சினின் விலை அதில் தொங்கும் என்று நினைக்கவே இல்லை.

அந்தப் பதிவை நான் ஏழெட்டு முறை கேட்டேன். குறித்துக்கொண்டவர்மீது கோபம் வரவில்லை. இரவில் வரிசையாக அழைப்புகள் வந்துகொண்டிருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு, ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்காமல் மறுப்புக் கடிதம் வரை போனவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. “நீங்க சாவியைத் திருப்பினீங்களா?” இழுவை வண்டித் தம்பி முதல் நிமிஷத்தில் கேட்ட கேள்வி அது. அவர்கள் எழுபது நாளில் கேட்கவில்லை.

அப்பாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நீ சொன்னது தப்பில்ல. ஆனா சொல்லாததை அவன் எழுதியிருக்கான். வாயால சொன்னதுக்கு வாயால பதில் சொல்லாத. இஞ்சினைச் சொல்ல வை” என்றார்.

இஞ்சின் நிறையவே சொன்னது. மெக்கானிக் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார். நான்கு பிஸ்டனையும் ஒவ்வொன்றாக உச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். முதலாவது, மூன்றாவது, நான்காவது பிஸ்டன்கள் ஒரே மட்டம். இரண்டாவது மட்டும் தாழ்ந்து நின்றது. ஸ்கேலைக் குறுக்கே வைத்து அளந்தார், நான்கு மில்லிமீட்டர். ராடு வளைந்ததால் குட்டையாகிவிட்டது, அதனால் பிஸ்டன் பழைய உச்சத்தை எட்டவில்லை. அப்புறம் டார்ச் அடித்து சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பைக் காட்டினார். நன்றாக ஓடிய இஞ்சினில் பிஸ்டன் வளையம் எட்டாத மேல் விளிம்பில் கரி ஒரு மெல்லிய கோடு போல் படிந்திருக்கும். இரண்டாவது சிலிண்டரிலும் அதே மெல்லிய கோடு, மற்ற மூன்றில் இருப்பது போலவே. “ராடு வளைஞ்ச பிறகு இது ஓடியிருந்தா இந்தக் கரிப் பட்டை நாலு மில்லி அகலமாகியிருக்கும்க்கா. ஆகல. வளைஞ்ச அந்த நேரத்தோட இது செத்துப்போச்சு.” அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பென்சிலால் இழுத்தது போல் இருந்தது.

அடுத்தது ஸ்கேனர், காரின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கிற கருவி. காருக்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் சொருகினார். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாகி, அப்புறம் உலகம் முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. இஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு பிழையைப் பதியும்போது, அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதையும் உறைய வைத்துச் சேமிக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்கிறார்கள். என் காரில் மிஸ்ஃபயர் பிழை, அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்போது இஞ்சின் சுழற்சி நிமிஷத்துக்கு 1,700-ஐ ஒட்டி. வண்டி வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு இஞ்சினைச் சுற்றுவது பொதுவாக நிமிஷத்துக்கு 200, 300 சுற்றுதான். நின்றுபோன வண்டி 11 கிலோமீட்டர் வேகத்தில் போகாது. தண்ணீர் இஞ்சினுக்குள் போனது வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்டார்ட்டரால் ராடு வளையவே வளையாது என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதை மெக்கானிக் நேர்மையாகவே சொன்னார். ஆனால் 1,700 சுற்றில் ஓடும் இஞ்சினின் முழு வேகமும் ஒரு ராடில் போய் மோதுவது வேறு. ஸ்டார்ட்டர் மெல்லச் சுற்றிப் பார்த்து முட்டி நிற்பது வேறு.

எல்லாப் படங்களையும் ஸ்கேல் தெரிய, தேதி தெரிய எடுத்தோம். மெக்கானிக்கிடம் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து, முத்திரை வாங்கினேன். வளைந்த ராடைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி வாங்கிவந்தேன். உள்ளங்கையில் வைத்தால் அரைக் கிலோ கனம் தெரிகிறது. நேராகப் பார்த்தால் வளைவு தெரியாது. சற்றுச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். இப்போதும் ஒரு துணிப்பையில், பாலிசி தாள்களோடு இருக்கிறது.

மேல்முறையீட்டுக் கடிதத்தை முதலில் நான்கு பக்கம் எழுதினேன். ஆறு வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியது, மழையில் நின்றது, யாரும் திருப்பிக் கூப்பிடாதது, எல்லாம் இருந்தது. மறுநாள் படித்தபோது, பதில் எழுதுகிறவர் இதில் எதற்கு வேண்டுமானாலும் ‘வருந்துகிறோம்’ என்று எழுதிவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைத் தொடாமலே தப்பிவிடலாம் என்று தெரிந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். மேலே அவர்களுடைய வாக்கியம், அவர்கள் எழுதியபடியே. கீழே, அது ஏன் உண்மை இல்லை என்பதற்குக் குரல் பதிவு, பிஸ்டன் அளவு, கரிக் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம். கடைசியில் ஒரு கோரிக்கை: நான் சாவியைத் திருப்பினேன் என்பதற்கு உங்களிடம் உள்ள ஆதாரத்தை அனுப்புங்கள்.

அந்தக் கடைசி வரி சும்மா வீம்புக்காக எழுதியது இல்லை. சேதம் பாலிசியில் சொன்ன ஆபத்தால் வந்தது என்று காட்டுவது நம் பொறுப்பு. ஆனால் அதில் விலக்கு ஒன்று பொருந்துகிறது என்று நிறுவனம் சொன்னால், அதை நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. காப்பீட்டுச் சட்டத்தில் பல நாடுகளிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை இது. பாலிசியில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதிக்கொடுத்தவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பதும் அப்படித்தான். என் பாலிசியில் ‘தொடர்விளைவு இழப்பு’ என்றால் என்ன என்று எங்கேயும் விளக்கம் இல்லை.

‘தொடர்விளைவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் இக்காரியா என்ற கப்பலைப் பற்றிப் படித்தேன். 1915 ஜனவரி, முதல் உலகப்போர். பிரான்சின் லே ஆவ்ர் துறைமுகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கப்பலை டார்பிடோ தாக்கியது. மூழ்கவில்லை. இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டினார்கள். புயல் அடித்தது. கப்பல் துறைமுக மேடையில் மோதிக்கொண்டே இருந்தது. அங்கேயே மூழ்கி வழியை அடைத்துவிடும் என்று பயந்து துறைமுக அதிகாரிகள் அதை வெளியே வேறு இடத்துக்கு நகர்த்தச் சொன்னார்கள். அங்கே கடல் வற்றுகிற ஒவ்வொரு முறையும் தரைதட்டி, கடைசியில் மூழ்கியது. உரிமையாளர்கள் கடல்தான் மூழ்கடித்தது என்றார்கள். அது பாலிசியில் உண்டு. நிறுவனம் டார்பிடோ என்றது. போர்ச் சேதத்துக்குப் பாலிசியில் விலக்கு. 1918-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை டார்பிடோதான் காரணம் என்று சொல்லிவிட்டது. காலத்தில் கடைசியாக வந்தது எது என்று பார்க்கக் கூடாது, உண்மையில் வேலை செய்தது எது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் ஷா பிரபு, காரணங்கள் சங்கிலி மாதிரி இல்லை, வலை மாதிரி என்று எழுதியிருக்கிறார்.

அது நிறுவனம் ஜெயித்த வழக்கு. ஆனாலும் எனக்கு அது பெரிய தெம்பு கொடுத்தது. டார்பிடோ பட்ட கப்பலுக்கு அப்புறம் அடித்த புயல் காரணம் ஆகாது என்றால், பஸ் தள்ளிய வெள்ளம் இஞ்சினுக்குள் புகுந்து, அதே விநாடிகளில் ராடு வளைந்ததற்கு வெள்ளத்தைத் தவிர வேறு எது காரணம்? இதை எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். கடிதத்தில் கப்பலைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் கப்பலைப் பற்றித்தான் பதில் வந்திருக்கும்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மறுப்பு நிலைநிறுத்தப்படுகிறது. காரணம் மட்டும் சற்று மாறியிருந்தது: வாகனம் ஓடும்போதே தண்ணீர் புகுந்திருக்கலாம், ஆனால் வாகனம் நின்ற பிறகு, இழுவை வண்டி வரும்வரையிலான நேரத்தில் காப்பீடுதாரர் ஸ்டார்ட் செய்திருக்க வாய்ப்பு மறுக்கப்படவில்லை.

‘வாய்ப்பு மறுக்கப்படவில்லை.’ அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவது?

தங்கைதான் கேமராவை நினைவுபடுத்தினாள். காரில் டேஷ்கேம் உண்டு. வீடியோவை முதல் வாரமே கார்டோடு எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தோம். அப்படி எடுக்காவிட்டால் புதிய பதிவுகள் பழையதன்மேல் எழுதிக்கொண்டே போய்விடும், விபத்து நடந்த அன்றே கார்டைக் கழற்றிவிடுவதுதான் சரி. அலை அடிப்பதும், ‘டக்’ சத்தமும், அப்புறம் வைப்பர் மட்டும் ஓடுவதும் அதில் இருந்தன. ஆனால் நான் சாவியை அணைத்ததும் கேமராவும் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகுள்ள ஒன்றரை மணி நேரம் அதில் இல்லை. அதனால் அதை நான் பெரிய ஆதாரமாக நினைக்கவில்லை.

“அக்கா, இந்தக் கேமரா எப்ப ஆன் ஆகும்?” என்றாள்.

சாவி போட்டதும்.

“அப்ப நீ மறுபடி சாவி போட்டிருந்தா?”

கார்டில் இருந்த கோப்புகளின் பட்டியலைத் திறந்தோம். சுரங்கப்பாதைக் கோப்பு இரவு 9.52-க்கு முடிகிறது. அதற்கு அடுத்த கோப்பு மறுநாள் காலை 11.10. திறந்தால், ஒர்க்‌ஷாப் சுவர், மெக்கானிக்கின் குரல், ஸ்கேனர் சொருக ‘இக்னிஷன் மட்டும் போடு, செல்ஃப் அடிக்காத’ என்று பையனிடம் சொல்கிறார். நடுவில் ஒன்றுமே இல்லை. நான் சாவியைத் தொட்டிருந்தால் கேமரா விழித்திருக்கும், ஒரு கோப்பு பிறந்திருக்கும், எண் வரிசையில் ஓர் எண் கூடியிருக்கும். கோப்பு எண்கள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து இருந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்து நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அப்புறம் நிறுவனத்துக்கு எழுதவில்லை. நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனேன். பல நாடுகளில் காப்பீட்டுக்கென்று ஓம்பட்ஸ்மேன் அல்லது அதைப் போன்ற அமைப்பு உண்டு. பொதுவாக, முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்களின் இறுதிப் பதில் தேதியிலிருந்து ஒரு காலக்கெடு ஓடத் தொடங்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதவு மூடிவிடும். வக்கீல் வைக்காமலே போகலாம். நான் அனுப்பியது அதே ஒரு பக்கக் கடிதம், இரண்டாவது மறுப்பின் வாக்கியத்தை மேலே சேர்த்து, கோப்புப் பட்டியலை இணைத்து.

குறைதீர்ப்பாளர் அலுவலகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்ட இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு போன். குரலில் நல்ல கனிவு. “மேடம், நல்லெண்ண அடிப்படையில் பில்லில் பாதியைத் தரத் தயாரா இருக்கோம். ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டா போதும்.”

படிவம் வந்தது. ‘பொறுப்பை ஏற்காமல்’, ‘முழு மற்றும் இறுதித் தீர்வாக’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் பாதிப் பணம் வரும்; அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும். நான் ஸ்டார்ட் செய்தேன், அவர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள் என்று ஆகும். வீட்டில் எல்லோரும் வாங்கிக்கொள் என்றார்கள். ஆறு மாதமாக இதையே பேசிக்கொண்டிருந்த எனக்கும் களைப்புதான். ஒர்க்‌ஷாப் கடன் வேறு. இதே நிலையில் யாராவது வாங்கிக்கொண்டால் அவர்களை ஒரு சொல் சொல்ல மாட்டேன். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. விலக்கு பொருந்துவதை நிறுவனம் நிரூபிக்கவில்லை, சேதம் வாகனம் ஓடும்போதே வெள்ளத்தால் ஏற்பட்டது என்று இரண்டே பத்தி. பில்லில் தேய்மானமும் பாலிசிப்படி நான் ஏற்க வேண்டிய பங்கும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். இழுவைக் கூலி கிடைக்கவில்லை. ரசீது வாங்காதது என் தவறு.

பணம் வந்த மறுநாள் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் கோப்பில் என்னைப் பற்றி இருக்கும் அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள் என்று. அடுத்த வருஷம் வேறு நிறுவனத்துக்கு மாறினால் இந்தக் கிளைமின் வரலாறும் கூட வருமே. மூன்று முறை நினைவூட்டிய பிறகு பதில் வந்தது. அச்செடுத்து அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டுவது போல் மெதுவாக, சத்தமாகப் படித்தார்.

“முதல் தகவல் குறிப்பு திருத்தப்பட்டது. வாகனம் நின்ற பிறகு காப்பீடுதாரர் இஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை.”